தோணியை நிறுத்திய ஆட்டுக்கார சேர்மன்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்து நாசரேத்தில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். சாத்தான்குளத்திலிருந்து வந்த வண்டியின் கண்டக்டர் என்னை முன்பே அறிந்தவர். படியில் நின்றபடியே, "டாக்டரம்மா, நம்ம சேர்மன் வெடியக்காலம் போயிட்டாவ" என்றார். எந்தச் சேர்மன் என்று நான் கேட்கவில்லை. சுடலைமுத்து அண்ணாச்சியின் பதவி போய் வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் எங்கள் பக்கத்தில் வேறு யாரையும் அந்தப் பெயரால் அழைத்து நான் கேட்டதில்லை. எதிர்ப்பக்கம் நின்ற பஸ்ஸில் ஏறித் தேரிவிளைக்குப் போனேன். வழியெல்லாம் எனக்கு அழுகை வரவில்லை. கைகால் சில்லிட்டுப் போயிருந்தது. பயந்துபோயிருக்கிறேன் என்று வெட்கமில்லாமல் சொல்லிக்கொள்ள எனக்கு இருந்த ஒரே மனிதர் அவர். இனிமேல் அதை யாரிடம் சொல்வேன் என்பதே அந்தப் பயணத்தில் என் பயமாக இருந்தது.

அவரோடு பழகி அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்காகச் சில வரிகள்: தேரிவிளையில் பிறந்தவர். செம்மறியும் வெள்ளாடும் நாலைந்து மாடுகளும் வளர்த்துப் பிழைத்தவர். எங்கள் ஒன்றியத்துக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகும் காலையில் ஆட்டுப்பட்டிக்குப் போய்விட்டுத்தான் ஆபீசுக்கு வருவார். வேட்டியில் ஆட்டு வாடை அடிக்கும். எதிர்க்கட்சிக்காரர்கள் மேடையில் அவரை 'ஆட்டுக்கார சேர்மன்' என்று கேலி பேசினார்கள். அடுத்த கூட்டத்தில் அவரே அந்தப் பெயரைச் சொல்லித் தன்னை அறிமுகம் செய்துகொண்டார். அதன்பிறகு அந்தக் கேலியில் உப்பில்லாமல் போயிற்று.

எழுபதாம் வருஷம் தேரிவிளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நான் மருத்துவராக வந்தேன். படிப்பு முடித்த கையோடு வந்த முதல் வேலை. பனங்காட்டுக்கும் செம்மணல் மேட்டுக்கும் நடுவே, ஓடு வேய்ந்த ஒரு கட்டடம். வந்த சில நாளில் சுகாதார விழா என்று ஒரு கூட்டம் போட்டார்கள். மேடையில் அவருக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. பேச எழுவதற்கு முன் மேஜைக்குக் கீழே அவருடைய முழங்கால்கள் வெடவெடவென்று ஆடுவதைப் பார்த்தேன். காய்ச்சலா என்று மெதுவாகக் கேட்டேன். "காய்ச்சல் இல்ல டாக்டரம்மா, பயம். மைக்கப் பாத்தா இப்பிடித்தான்" என்றார். ஒரு தலைவர் இதை இவ்வளவு சாதாரணமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு எழுந்து போய் நன்றாகத்தான் பேசினார். திரும்பி வந்து உட்கார்ந்ததும், "பயம் போவட்டும்னு காத்துக்கிட்டு இருந்தா பொழுது அடைஞ்சிரும். அதையும் கூட்டிக்கிட்டே போவ வேண்டியதுதான்" என்றார். அந்தக் கட்டடத்தில் தனியாக இருக்க நான் பயந்துகொண்டிருந்தது அவருக்கு எப்படித் தெரிந்ததோ, எனக்குத் தெரியாது.

ஊசிக்கும் அவர் பயப்படுவார். வேலிக் கம்பி கிழித்துக் காலில் காயத்தோடு வந்தவர், தடுப்பூசி போட வேண்டும் என்றதும் கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டார். பெஞ்சின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஆட்டுக்குப் போடும்போதுகூடத் தான் பார்ப்பதில்லை என்றார். இன்னொன்றும் அன்றுதான் தெரிந்தது. பலத்துக்குக் கொஞ்சம் கறி சாப்பிடுங்கள் என்று நான் சொன்னபோது சிரித்தார். ஆடு வளர்க்கத் தொடங்கிய நாளிலிருந்து அவர் கறியைத் தொட்டதில்லையாம். அவர் மனைவி பேச்சியம்மாள் அந்த வீட்டில் கறிச்சட்டியே வைத்துக்கொள்ளவில்லை.

மனு கொடுக்க வருகிறவர்களிடம் அவர் நடந்துகொண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். சத்தம் போடுகிறவர்களைப் பேசவிட்டு, கடைசியில் தூணோரம் ஒதுங்கி நிற்கிறவரைக் கூப்பிடுவார். ஒருநாள் அதைப் பற்றிக் கேட்டேன். "நொண்டுத ஆடு கத்தாது. பின்னால தங்கி நிக்கும். திரும்பிப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். இந்த நல்ல பெயரோடு அவர் சட்டமன்றத்துக்கும் போயிருப்பார். அந்த வருஷ மழை முடிந்ததும் தேர்தல் வரப்போகிறது என்ற பேச்சு அடிபட்டது. கட்சியில் அவர் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அது வந்தது.

மார்கழி மாதம். மழைத்தண்ணீர் தேரி என்கிற செம்மணல் மேட்டின் பள்ளங்களில் தேங்கி, புல் மண்ணோடு ஒட்டி முளைத்திருந்தது. ஒரு காலையில் சேர்மனின் பட்டியில் வேலை பார்க்கும் இசக்கி கையைக் காட்ட வந்தார். முன்கையில் ஒரு புண். நடுவில் கரித்துண்டை ஒட்டவைத்ததுபோல் கறுத்திருந்தது. சுற்றிலும் சிறு கொப்புளங்கள். முழங்கைவரை வீக்கம். வலிக்கிறதா என்று கேட்டேன். வலியே இல்லை என்றார். வலியில்லை என்றதும் எனக்கு அது பிடிபட்டது. படிக்கும் காலத்தில் புத்தகத்தில் ஒரே ஒரு படமாகப் பார்த்த புண் அது. ஆடு ஏதாவது செத்ததா என்று கேட்டேன். செத்தது என்றார். முதல்நாள் மேய்ந்த ஆடு மறுநாள் காலையில் கிடந்ததாம், மூக்கிலிருந்து ரத்தம் ஒழுகியிருந்ததாம். சேர்மனிடம் புதைத்துவிட்டதாகச் சொல்லிவிட்டு, தோல் வீணாகிறதே என்று இவரே உரித்திருக்கிறார்.

கறியை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். இசக்கி தரையைப் பார்த்தார்.

அவருக்குப் பென்சிலின் போட்டுவிட்டு, என் கைகளைத் திரும்பத் திரும்பச் சோப்பால் கழுவினேன். படத்தில் பார்த்த அந்த நோயை ஆட்டுக்காரர்கள் அடைப்பான் என்பார்கள். ஆட்டையும் மாட்டையும் நின்ற நிலையில் சாய்க்கும் நோய். செத்த ஆட்டைத் தொட்டால் மனிதருக்குப் புண்ணாக வரும். மருந்து போட்டால் பிழைக்கலாம். தின்றால் குடலில் இறங்கும். அங்கே இறங்கிவிட்டால் பிழைப்பது அரிது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அது இந்த நோய்தான் என்று உறுதியாகச் சொல்லும் வசதி என்னிடம் இல்லை. சேர்மன் வீட்டுக்கு நடந்து போகவில்லை, ஏறத்தாழ ஓடினேன்.

அவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். கட்சியின் மாவட்டப் பொறுப்பாளர் ஒருவர் தேர்தல் விஷயமாகப் பேச வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் சொல்லச் சொல்ல அண்ணாச்சியின் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதைப் பார்த்தேன். மெதுவாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் முழு விவரமும் எனக்குத் தெரிந்தது. அவருடைய ஆடுகளும் சுற்றியுள்ள ஊர்களின் ஆடுகளும் ஒன்றாகச் சேர்த்து விற்கப்பட்டு, முந்தின நாளே லாரியில் தூத்துக்குடிக்குப் போய்விட்டன. அன்றைக்குப் பாய்மரத் தோணியில் ஏற்றி மாலத்தீவுக்கு அனுப்புகிறார்கள்.

"தோணியில போறவங்க வழியில ஆடு செத்தா என்ன செய்வாங்க?" என்று நான் கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பதில் இருவருக்கும் தெரியும். கடலில் கறி கிடைப்பது விருந்து. வாரக்கணக்கில் கரை தெரியாத இடத்தில் அதை அறுத்துத் தின்பார்கள். ஊசியும் இல்லை, மருத்துவரும் இல்லை. கப்பலேறிய நோய் போய் இறங்கும் தீவிலும் மனிதர்கள்தான் இருக்கிறார்கள்.

கட்சிக்காரர் நிதானமாகத்தான் பேசினார். கெட்ட மனிதர் அல்ல. இந்தப் பெண்ணுக்கே உறுதியாகத் தெரியாத விஷயம், நாலு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். துறைமுகத்தில் போய் நோய் என்று ஒருதரம் சொல்லிவிட்டால் இந்தச் சீமையின் ஆட்டை இனி யாரும் வாங்கமாட்டார்கள், ஆட்டை நம்பியிருக்கும் ஊர்கள் எல்லாம் உம்மைச் சபிக்கும், உமக்கு ஓட்டுப் போட ஆள் இருக்காது என்றார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் பிறகு அப்படியே நடந்தது.

அண்ணாச்சி என்னிடம் திரும்பினார். "உறுதியாத் தெரியுமா டாக்டரம்மா?"

தெரியாது, ஆனால் மிகவும் பயமாக இருக்கிறது என்றேன்.

"எனக்கும்தான். பொறப்படுங்க."

ஜீப் திருச்செந்தூர் தாண்டி ஆத்தூர் வழியாகப் போயிற்று. ஆத்தூர்ப் பாலம் ஏறும் முன் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய் வெற்றிலைக் கொடிக்கால் ஓரம் குனிந்து வாந்தி எடுத்தார். டிரைவர் தண்ணீர்க் கூஜாவை எடுத்துக்கொண்டு ஓடினார். வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்து, போகலாம் என்று டிரைவரிடம் சைகை காட்டினார். தூத்துக்குடியில் முதலில் கால்நடை மருத்துவமனைக்குப் போய் அங்கிருந்த மருத்துவரிடம் சொன்னோம். அவர் என்னை நம்பினார். சாமான்களை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வருவதாகச் சொன்னார்.

பழைய துறைமுகத்தில் தோணி கிளம்பத் தயாராக நின்றது. ஆடுகள் உள்ளே அடைபட்டுக் கத்திக்கொண்டிருந்தன. வெங்காய மூட்டைகளும் ஏறிவிட்டன. தோணியை நடத்திப்போகிற தண்டல் லூர்து, அறுபதை ஒட்டிய வயது, கழுத்தில் ஜெபமாலை. அண்ணாச்சி போய் நிறுத்தச் சொன்னதும் அவர் கோபப்படவில்லை. "பாய் விரிக்க ஆளு ஏறியாச்சு சேர்மன். காத்து நமக்காவ நிக்காது" என்று மட்டும் சொன்னார். அங்கே எங்கள் ஒன்றியத் தலைவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. ஒரு கூலியாளைக்கூட நில் என்று சொல்ல அவரால் முடியாது. ஆடு வாங்கிய வியாபாரி ஓடிவந்தார். அண்ணாச்சியைத் தனியே இழுத்துப் போகப் பார்த்தார். "வாயில வருததச் சொல்லிப்பிடாதிய. ஒருதரம் சொல்லிட்டா அப்புறம் திருப்பி எடுக்க முடியாது" என்றார்.

சுற்றிலும் கூலியாட்கள், மற்றத் தோணிக்காரர்கள், வேறு வியாபாரிகள் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. அண்ணாச்சியின் முழங்கால்கள் மேடையில் நான் பார்த்ததைப்போலவே ஆடின. இங்கே மறைக்க மேஜை இல்லை. எல்லாரும் பார்த்தார்கள். அவர் தண்டலைப் பார்த்துச் சொன்னார்:

"அது என் ஆடு. என் பட்டியில கெடந்த ஆடு. அதுல அடைப்பான் இருக்கு."

அந்தத் தோணியில் எத்தனையோ ஊர்களின் ஆடுகள் இருந்தன. எந்த ஊரையும் அவர் சொல்லவில்லை. எவர் பெயரும் வாயில் வரவில்லை. தன்னுடையது என்று மட்டும் சொன்னார்.

அப்போதுதான் நான் தோணியின் மேல்தட்டைப் பார்த்தேன். பண்டாரி, அதாவது தோணியின் சமையல்காரர், ஒரு செம்மறியைப் பின்னங்கால்களைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டிருந்தார். அடைத்த இடத்தில் மூச்சுமுட்டிச் செத்தது என்று நினைத்திருக்கிறார். மதியக் குழம்புக்கு ஆயிற்று என்று கத்தியைத் தீட்டி முடித்து, ஆட்டின் கழுத்தருகே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். ஆட்டின் மூக்கோரம் ரத்தம், கறுத்து, உறையாமல். கையை நீட்டிக் காட்டினேன். தண்டல் லூர்து நான் காட்டிய பக்கம் திரும்பினார். ஆட்டையும் பார்த்தார், அண்ணாச்சியையும் பார்த்தார். பிறகு உரத்த குரலில், "கத்தியக் கீழ போடும். ஆட்டத் தொடாதயும். எல்லாரும் இறங்குங்க" என்றார். பண்டாரி கத்தியைப் போட்டுவிட்டுத் தன் கைகளைத் தானே பார்த்துக்கொண்டு நின்றது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. தன் கை தனக்கே ஆகாத பொருளாகிவிட்டதைப்போல அவற்றை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தார்.

கால்நடை மருத்துவர் வந்து செத்த ஆட்டின் காதிலிருந்து ஒரு துளி ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவிக்கொண்டு போனார். அன்று பொழுது சாய்வதற்குள் அடைப்பான்தான் என்று உறுதியாயிற்று. தோணி நின்றது. ஆடுகளை உப்பளத்தை ஒட்டிய பொட்டலில் தனியே அடைத்தார்கள். லூர்து தண்டல் எங்களிடம் வந்து, கடலில் தன்னோடு வருபவர்களில் இருவர் தன் சொந்தத் தம்பிகள் என்று சொன்னார். பண்டாரிக்கும் தோணி ஆட்கள் அனைவருக்கும் ஊசி போட்டோம்.

பிழைத்துவிட்டோம் என்று நினைத்தேன். பயப்பட வேண்டியது ஊரில் காத்திருந்தது.

மறுநாள் தேரிவிளையில் ஆடுகள் விழத் தொடங்கின. சேர்மன் பட்டியில்தான் அதிகம். செத்ததைத் திறக்காமல், தோலை உரிக்காமல், பனைமரத் துண்டங்களை அடுக்கி எரிக்கச் சொன்னார்கள். எரித்ததைச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். நாயும் கழுகும் கிளறாமல் ஆள் போட்டுக் காவல் காத்தோம். தேரி மணலுக்கு மேலே கழுகுகள் வட்டமிட்டபடியே இருந்தன. அந்த வாடை என் சேலையில், தலையில், குடிக்கும் தண்ணீரில்கூட இருந்தது. தினமும் எழுந்ததும் ஜன்னல் பக்கம் போய் என் இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். கொசுக்கடித் தடிப்பைக் கண்டால்கூட உட்கார்ந்துவிடுவேன். எந்த வியாபாரியும் எங்கள் பக்கம் வரவில்லை. நோயில்லாத ஊர்களின் ஆடுகளும் விலைபோகாமல் நின்றன. பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண் நடந்தே வந்து, சேர்மனின் வாசலில் நின்று, செம்மண்ணை இரண்டு கையாலும் வாரி அவர்மேல் எறிந்தாள். அவர் நகரவில்லை. தலையிலும் சட்டையிலும் மண்ணோடு அவள் போகும்வரை நின்றார். பேச்சியம்மாள் துடைக்க வந்தபோது, இருக்கட்டும் என்று கையைக் காட்டினார்.

எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. கறியைப் பங்கிட்டுக் கொடுத்ததை இசக்கி ஒப்புக்கொண்டார், ஆனால் யார் யார் தின்றார்கள் என்று தெரியவில்லை. செத்த ஆட்டின் கறியைத் தின்றோம் என்று ஒப்புக்கொள்வது அவமானம். வீடுவீடாகப் போய்க் கேட்டேன். எல்லாரும் இல்லை என்றார்கள். கதவுக்குப் பின்னால் நின்று இல்லை என்றார்கள். இசக்கியும் பெயர்களைச் சொல்ல மறுத்தார். சாப்பாடு கொடுத்தவனே காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. மருந்து என்னிடம் இருந்தது. வாங்கிக்கொள்ள ஒருவரும் வரவில்லை. நாள் ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சியிடம் சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலில் ஊர் தண்ணீர் பிடிக்கும் குழாய் இருந்தது. அங்கே கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்தார். உள்ளே வரவில்லை. பெஞ்சைத் தூக்கி வெளியே போடச் சொன்னார். எல்லார் காதிலும் விழும்படி, "நானும் அந்தக் கறியத் தின்னுட்டேன் டாக்டரம்மா. எனக்கு ஊசியப் போடுங்க" என்றார்.

அவர் கறி தொடாதவர் என்பது அவர் வீட்டுக்கு வெளியே எனக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறக்கப் போனேன். "கேள்வி கேக்காதிய. போடுங்க" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். சட்டைக்கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். இந்தமுறை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு, குழாயடியில் நின்றவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நெற்றி வேர்த்து வழிந்தது. ஊசி இறங்கும்போது உதடு துடித்தது. சேர்மனே தின்றிருக்கிறார் என்றால் மற்றவர்களுக்கு என்ன அவமானம்? குடத்தைக் கீழே வைத்துவிட்டு முதலில் ஒரு கிழவர் வந்தார். அடுத்து அவர் மகள். அன்று மாலைக்குள் வந்தவர்களை உட்கார வைக்க இடம் போதவில்லை. தின்னாத கறியைத் தின்றதாகச் சொன்ன அந்தப் பொய்யால் எத்தனை உயிர் நின்றது என்று எனக்குத் தெரியாது. நிறைய உயிர்கள் என்று மட்டும் தெரியும்.

ஒருத்தி மட்டும் வரவில்லை. இசக்கியின் மனைவி சொர்ணம். கறி வந்த நாள் வெள்ளிக்கிழமை, தான் விரதம், கறியைத் தொடவே இல்லை என்று என்னிடமும் சொன்னாள், அண்ணாச்சி நேரில் போய்க் கேட்டபோதும் சொன்னாள். மாலையில் விரதம் முடித்தபோது பசியில் அந்தச் சட்டியில் மிச்சமிருந்ததைத் தின்றிருக்கிறாள். விரதநாளில் கறி தின்றதைப் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. காய்ச்சலும் வயிற்றுவலியுமாக அவளைத் தூக்கி வந்தபோதுதான் சொன்னாள். ஜீப்பில் போட்டுத் தூத்துக்குடி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொழச்சிருவேனா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அண்ணாச்சி முன்சீட்டில் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். அவர் தோள்கள் குலுங்கின. இரண்டாம் நாள் சொர்ணம் போய்விட்டாள்.

தேர்தல் வந்தது. கட்சி வேறொருவரை நிறுத்தியது. அண்ணாச்சி அவருக்காக ஓட்டுக் கேட்டுப் போன ஊர்களில் சில வாசல்கள் சாத்தியே இருந்தன. ஒன்றியத் தலைவர் பதவிக்காலம் முடிந்தபிறகு எந்தப் பதவிக்கும் அவர் போகவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. சில ஆடுகளோடு மறுபடி பட்டி போட்டார். ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால் தடுப்பூசி போட வருகிற கால்நடை ஊழியர்களோடு ஊர் ஊராக நடந்தார். தன்னோடு பேசாதவர்களின் பட்டியிலும் போய் நின்று ஆட்டைப் பிடித்துக்கொடுத்தார். கடலோரப் பெரியதாழைவரை நடந்ததாக ஊழியர்கள் சொல்வார்கள். தன் பட்டியில் ஒரு குட்டி சுணங்கிக் கிடந்தாலும் எனக்கு ஆள் அனுப்புவார். நான் ஆட்டு டாக்டர் இல்லை என்று சொல்லி அனுப்பினால், "தெரியும். கூட நிக்க ஒரு ஆளு வேணும்" என்று பதில் வரும். போய் நிற்பேன். குட்டி எழுந்து பால் குடிக்கும்வரை இருவரும் நிற்போம்.

நான் தூத்துக்குடிக்கு மாற்றலாகி வந்தபிறகு, இந்த வருஷத் தொடக்கத்தில் மூச்சுத்திணறலோடு அவரை அங்கே கொண்டுவந்தார்கள். இதயம் வீங்கிப்போயிருந்தது. மறைக்காமல் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். ஆறுதலாக மேலும் ஏதோ சொல்லத் தொடங்கினேன். "ஒண்ணும் சொல்ல வேண்டாம். அந்த நாற்காலிய இங்கன இழுத்துப் போட்டு உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். அவர் தூங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போகவேண்டும் என்று கேட்டதால் அனுப்பிவைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் அதிகமில்லை. துறைமுகத்திலிருந்து லூர்து தண்டலின் தம்பிகள் இருவரும் வந்திருந்தார்கள். பாடை கட்டுகிற இடத்தில் இசக்கி ஓலை முடைந்துகொண்டிருந்தார். முன்கையில் அந்தத் தழும்பு வெளுத்துத் தெரிந்தது. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வருஷாவருஷம் சொர்ணம் செத்த நாளில் சேர்மன் இசக்கியின் வீட்டுக்கு வருவாராம். உள்ளே வரமாட்டார். வேலியோரம் கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போய்விடுவார். ஒருமுறைகூட இருவரும் பேசிக்கொண்டதில்லை. ஓலையை விடாமல் முடைந்தபடியே இசக்கி சொன்னார்: "இந்த வருசம் உள்ள கூப்பிட்டு ஒரு வாய் தண்ணி குடுக்கணும்னு நெனச்சிருந்தேன்."

தலைவர்கள் பலர் பேசக் கேட்டிருக்கிறேன். நாம் என்பார்கள், நம் மக்கள் என்பார்கள், தவறு நேர்ந்தால் சிலர் என்பார்கள். தூத்துக்குடிக் கரையில், கூட்டத்துக்கு நடுவே, கால் நடுங்க நின்று ஒருவர் "அது என் ஆடு" என்று சொன்னதை நான் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன். சுடலைமுத்து அண்ணாச்சியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் குரலைத்தான். உறுதியான குரல் அல்ல அது. பாதியில் உடைந்து, எச்சில் விழுங்கி, பிறகு முடித்த குரல்.